கொலோசியம் பக்கத்து பாஸ்தாவில் சீஸ் ஏன் திரள்வதில்லை?

ரோமில் கொலோசியத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் டிராட்டோரியா எனப்படும் எளிய உணவகங்கள் நிறைய. பெரும்பாலான கடைகளின் மெனுவில் 'காச்சோ எ பெப்பே' இருக்கும். டொன்னரெல்லி என்ற தடித்த இழை பாஸ்தா, பெக்கொரினோ ரொமானோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு. அவ்வளவுதான். வெண்ணெயோ க்ரீமோ கிடையாது. ஆனாலும் தட்டில் வருவது ஒவ்வோர் இழையையும் வழுவழுவென்று போர்த்திய வெள்ளை சாஸ். இதையே வீட்டில் செய்தால் பல நேரம் சீஸ் கட்டிகட்டியாகத் திரண்டு, தண்ணீர் தனியே நின்றுவிடுகிறது.

சீஸில் இருப்பவை முக்கியமாகப் புரதம், கொழுப்பு, நீர். சூடு ஏறும்போது கொழுப்பு உருகும், புரதங்கள் தங்கள் பழைய வடிவத்தை இழந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் இந்தத் திரளல் வேகமெடுக்கிறது. கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாஸ்தாவின் மேல் சீஸைத் தூவினால் அதுதான் நடக்கும்.

இதைத் தடுப்பது மாவுச்சத்து. பாஸ்தா வேகும்போது கோதுமையின் மாவுச்சத்து நீரில் கசிந்து, நீரைக் கஞ்சி போலக் கலங்கலாக்குகிறது. இந்த நீரைச் சீஸுடன் கலக்கும்போது, மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறுகள் புரதங்களுக்கு நடுவே புகுந்து, அவை நெருங்கிச் சேராதபடி விலக்கி வைக்கின்றன. கூட்டம் அலைமோதும் உணவகத்துக்கு உள்ள பெரிய சாதகமும் இதுதான். ஒரே பானை நீரில் அடுத்தடுத்துப் பாஸ்தா வெந்துகொண்டே இருப்பதால், மதியம் ஆகும்போது அந்த நீர் நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கும். வீட்டில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து ஒருமுறை வேகவைத்தால் அந்த அளவு மாவுச்சத்து சேராது. பாஸ்தா நீரைக் குறைவாக வைப்பதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

எவ்வளவு மாவுச்சத்து தேவை? 2025-இல் ஓர் இயற்பியலாளர் குழு இதை அளந்து ஆய்விதழில் வெளியிட்டது. அதே ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. சீஸின் எடையில் மாவுச்சத்து 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் மொசரெல்லா சீஸ் போல இழுபடும் கட்டிகள் வருகின்றன. 2 முதல் 3 விழுக்காடு இருந்தால் சாஸ் நன்றாகச் சூடேறினாலும் திரளவில்லை. அதாவது 200 கிராம் சீஸுக்கு வெறும் 5 கிராம். பாஸ்தா நீரை நம்பாமல், மக்காச்சோள மாவுச்சத்தை (கார்ன்ஃப்ளார்) கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சிக் கெட்டியாக்கி, ஆறவைத்துச் சீஸுடன் அரைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் காட்டிய வழி.

அப்புறம் மிளகு. அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரின் நீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். சீஸின் கொழுப்பு சாஸ் முழுக்கப் பரவியிருந்தால்தான் காரமும் சீராகப் பரவும். சாஸ் திரிந்தால் காரமும் அங்கங்கே தங்கிவிடும். இந்த மிளகுக்கு ரோமில் நெடிய வரலாறு உண்டு. பண்டைய சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய மிளகு போன்ற சரக்குகளைச் சேமிக்க, பேரரசர் டொமிஷியன் காலத்தில், முதலாம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு பெரிய கிடங்கு கட்டினார்கள். அதன் எச்சங்கள் கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில், மாக்சென்ஷியஸ் பசிலிக்கா என்ற பழைய ரோமானியப் பொதுமண்டபத்துக்கு அடியில் இருக்கின்றன.