கைபேசியைப் பூட்டி வைக்கும் முன்

"ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கைபேசி பார்க்க விடலாம், சேர்?" உளவளத்துணைக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர், வாழைச்சேனையிலிருந்து வந்தாலும் கல்முனையிலிருந்து வந்தாலும், முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு மணிக்கணக்கு இரண்டாம் பட்சம். பிள்ளை எதைத் தேடிச் சமூக ஊடகத்துக்குப் போகிறது என்பதே முதலில் தெரியவேண்டும்.

இருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருத்தி சாதாரண தர மாணவி. இன்ஸ்டகிராமில் படம் போடுவாள். எதிர்பார்த்த தோழிகள் உடனே 'லைக்' போடாவிட்டால் அழித்துவிட்டு, முகத்தின் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அதே படத்தை மறுபடி போடுவாள். வட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் அன்றிரவு புத்தகம் திறக்கப்படாது.

மற்றவன் உயர்தர மாணவன். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். அங்கே இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து அவர் இமோவில் அழைக்கும்போது இங்கே பன்னிரண்டரை. அதுவரை விழித்திருக்க அவனுக்கு டிக்டொக் துணை. "அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை" என்றார் அவனை வளர்க்கும் அம்மம்மா. கைபேசியோடு மகளின் குரலையும் சேர்த்துப் பூட்டியது அவருக்குத் தோன்றவில்லை.

சுபாவத்துக்கும் இதில் பங்கு உண்டு. எளிதில் கவலையும் பதற்றமும் கொள்ளும் பிள்ளைகள் சமூக ஊடகத்தில் சிக்கிக்கொள்வது அதிகம் என்றும், ஒழுங்காகத் திட்டமிட்டு வேலை செய்யும் பிள்ளைகள் சிக்குவது குறைவு என்றும் ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. ஆனால் பதற்றம் கைபேசிக்குத் துரத்தியதா, கைபேசி பதற்றத்தைக் கூட்டியதா என்பதை ஒருமுறை நிரப்பிய வினாக்கொத்தை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. சுபாவத்தைக் குற்றமாக்குவதில் பயனும் இல்லை.

மாற்றக்கூடியது தேவை நிறைவேறும் வழி. மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்றார்கள் உளவியலாளர்கள் டெசியும் ரயனும்: தன் விருப்பில் நடத்தல், ஒன்றில் திறமை காணல், பிறரோடு உறவாடல். பாடசாலை விட்டதும் ரியூசன், அது முடிந்ததும் இன்னொரு ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்கு இவற்றில் எது கிடைக்கிறது? விளையாட்டு மைதானத்தைப் பரீட்சையின் பெயரால் நாமே பறித்துவிட்டுக் கைபேசியைத் திட்டுகிறோம்.

சமூக ஊடகத்தில் ஒருவர் எவ்வளவு சிக்கியிருக்கிறார் என்று அளக்கும் 'பேர்கன் அளவுகோல்' என்ற வினாக்கொத்தில் ஆறு கேள்விகள் உண்டு. எந்நேரமும் அதே நினைப்பா, மேலும் மேலும் வேண்டியிருக்கிறதா, கவலையை மறக்கவா பயன்படுத்துகிறாய், குறைக்க முயன்று முடியவில்லையா, தடுத்தால் தவிப்பா, படிப்பு கெட்டிருக்கிறதா? எத்தனை மணித்தியாலம் என்ற கேள்வி அதில் இல்லை. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா ஆகியவற்றைச் சேர்ந்த 44 நாடுகளிலும் பிராந்தியங்களிலும் 2022இல் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில் இத்தகைய சிக்கல் உள்ள வளரிளம் பருவத்தினர் 11 வீதம். 2018இல் அது 7 வீதம். கைபேசி வைத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் 'அடிமைகள்' அல்லர்.

அந்த மாணவனுக்கு நாங்கள் செய்தது சிறிய ஏற்பாடு. தாயின் வார விடுமுறை நாளில் பகலில் நீண்ட அழைப்பு; மற்ற நாட்களில் அவர் குரல் பதிவு அனுப்புவார், இவன் காலையில் கேட்டுப் பதில் அனுப்புவான். டிக்டொக் முற்றாக நிற்கவில்லை. தூக்கம் திரும்பியது. மாணவியின் விடயம் அவ்வளவு எளிதில்லை. நிறத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் கேலியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இரவு முழுவதும் கைபேசியை விடாத பிள்ளை, படத்தை வெளியிடுவதாக யாரோ மிரட்டுவதால் கூட அப்படி இருக்கலாம். செய்தி வரும்போது முகம் வெளிறுகிறதா, பிள்ளை காசு கேட்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஏசாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு இலங்கையின் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அன்றே வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், இரவானால் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.