ஹெப்பாரின் தூண்டிய தட்டணுக்குறை: சொல்லும் சோதனையும்

மழைக்காலம் வந்தால் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்ற கேள்வி சாதாரணம். டெங்கு சொல்லிக்கொடுத்த கேள்வி அது. எண்ணிக்கை இறங்கினால் ரத்தம் கசியும் என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. டயாலிசிஸ் நோயாளியின் ரிப்போர்ட்டில் 'த்ராம்போசைட்டோபீனியா' என்று வந்தாலும் அதே பயம்தான் வருகிறது. ஆனால் காரணம், டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து என்றால் பயப்பட வேண்டியது ரத்தம் உறைவதற்கு.

கிரேக்கத்தில் த்ராம்போஸ் என்றால் உறைகட்டி, கைட்டோஸ் என்றால் கலம், பெனியா என்றால் வறுமை. தமிழில் தட்டணுக்குறை, அதாவது பிளேட்லெட் குறைவு. 'குருதிச் சிறுதட்டு' என்றும் எழுதுகிறார்கள்; செய்தித்தாள் வழியே பழகிய 'தட்டணு'வே எனக்குப் பிடித்தது.

ஹெப்பாரின் என்ற பெயர் ஈரலைக் குறிக்கும் 'ஹெப்பார்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1916இல் ஜே மெக்லீன் உறைவைத் தடுக்கும் பொருளைக் கவனித்தார். நாயின் ஈரலிலிருந்து எடுத்ததற்கு வில்லியம் ஹவலின் ஆய்வகம் 1918இல் இந்தப் பெயரை வைத்தது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து தயாராகிறது. மருந்துப் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், ஹெப்பாரின் என்றே இருக்கட்டும்.

சரி, உடலில் என்ன நடக்கிறது? தட்டணு வெளியிடும் 'தட்டணுக் காரணி 4' என்ற புரதம் ஹெப்பாரினோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டை அந்நியமென்று எண்ணி உடல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்குகிறது. அது தட்டணுக்களை உசுப்பிவிட, அவை கட்டிகளாகி ரத்தக்குழாயை அடைக்கின்றன. எண்ணிக்கை குறைவதும் அதனால்தான். வழக்கமாக மருந்து தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் பாதிக்கும் மேல் இறங்கும். இரண்டரை லட்சம் ஒரு லட்சமானால் சந்தேகப்படலாம்.

முதலில் மருத்துவர் நான்கைப் பார்த்து மதிப்பெண் போடுவார்: எவ்வளவு இறக்கம், எந்த நாளில், புது உறைகட்டி உண்டா, வேறு காரணம் உண்டா. மதிப்பெண் குறைவென்றால் சோதனையே பொதுவாகத் தேவையில்லை. நடுத்தரமோ அதிகமோ என்றால் எலைசா என்ற ரத்தச் சோதனை. சோதனைத் தட்டின் குழிகளில் அந்தப் புரத-ஹெப்பாரின் கூட்டைப் பூசி, நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) விடுவார்கள். எதிர்ப்பொருள் ஒட்டினால் நிறம் ஏறும். நெகட்டிவ் வந்தால் ஏறக்குறைய நிம்மதி. பாசிட்டிவ் மட்டும் முடிவாகாது, தீங்கு செய்யாத எதிர்ப்பொருளும் பலரிடம் இருக்கும். தீங்கு செய்வதுதானா என்று உறுதிசெய்வது செரோட்டோனின் (தட்டணுக்குள் இருக்கும் ஒரு வேதிப்பொருள்) வெளியேற்றச் சோதனை: கொடையாளியின் தட்டணுக்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்தால், குறைந்த ஹெப்பாரினில் செரோட்டோனின் வெளியேற வேண்டும், அதிக ஹெப்பாரினில் அடங்க வேண்டும். எல்லா ஊர் லேபிலும் செய்ய முடியாது.

சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் ஹெப்பாரினை நிறுத்தி, வேறு உறைவெதிர்ப்பு மருந்துக்கு மாற்றுவார்கள். நரம்பில் செருகிய குழாயைக் கழுவப் பயன்படும் ஹெப்பாரினும் இதில் சேரும். நோய் உறுதியானால் 'ஹெப்பாரின் கூடாது' என்று கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கி, டயாலிசிஸ் செய்யும் இடத்திலும் கட்டாயம் காட்டுங்கள்.