நிலாவை அழைக்கிறான், அம்மாவை அழைக்கவில்லை

“பேசத்தான் மாட்டேன் என்கிறான் மேடம். பாடுவதைக் கேட்டுப் பாருங்கள்” என்று செல்போனை நீட்டினார் அந்த அப்பா. ஒரே வாரத்தில் இப்படி என் முன்னால் நீட்டப்பட்ட மூன்றாவது செல்போன் அது. வீடியோவில் மூன்றரை வயதுப் பையன் சோபாவில் குதித்துக்கொண்டே, நிலாவை ஓடிவரச் சொல்லும் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடுகிறான். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. மலை, மல்லிகைப்பூ எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. பாட்டிக்கு முகம் நிறையப் பெருமை. “இத்தனை சொல் தெரிந்த பிள்ளைக்குப் பேச வராதா? எல்லாம் பிடிவாதம். இவன் அப்பாவும் நாலு வயதில்தான் வாயைத் திறந்தான்” என்றார்.

பையன் அப்போது என் பேச்சுப் பயிற்சி அறையில்தான் இருந்தான். அலமாரியின் மேல்தட்டில் இருந்த பந்து அவனுக்கு வேண்டும். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரிப் பக்கம் தள்ளினான். நான் கேட்டுக்கொண்டபடி அம்மா அசையாமல் நின்றார். மறுபடி தள்ளினான். பிறகு தரையில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு அழுதான். ‘வா’ என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. பாட்டில் வரிக்கு வரி சொன்ன அதே ‘வா’ அது.

தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சியாளராக எனக்கு இது 19ஆவது ஆண்டு. பாட்டில் பெரியது சொல்லா, இசையா என்று பட்டிமன்றம் போட்டு இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். நானும் ஆசையாகக் கேட்பேன். ஆனால் என் அறைக்கு வரும் குழந்தைகளிடத்தில் இந்த வழக்கு எப்போதோ முடிந்துபோயிருக்கிறது. அங்கே இசை சொல்லை விழுங்கிவிட்டது. விழுங்கப்பட்ட சொல்லை, குழந்தை கற்றுக்கொண்ட சொல் என்று வீட்டில் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு வீணாவது இந்தக் கணக்கினால்தான்.

அன்று அந்தக் குடும்பத்தின் முன்னாலேயே ஒன்று செய்து காட்டினேன். பையன் முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டின் வரிகளை மெட்டு இல்லாமல், நாம் பேசுவதுபோலச் சொன்னேன். திரும்பவில்லை. இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னேன். கட்டைமேல் கட்டை ஏறிக்கொண்டிருந்தது. பிறகு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, சொற்களுக்குப் பதிலாக ‘சாம்பார் சாம்பார்’ என்று பாடினேன். கட்டையைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்து ஓடிவந்து என் மடியில் கைவைத்தான். அடுத்த வரியை நான் நிறுத்தினால் அவனே எடுத்துப் பாடினான். நிலா எங்கே போனது என்று அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பாட்டி வாயடைத்துப்போனார். அவனுக்கு ‘நிலா’ வானத்தில் இருப்பது அன்று. ஒரு சுரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஓசை. மெட்டு ஓடினால் அதுவும் கூடவே ஓடும். மெட்டிலிருந்து தனியாகப் பிரித்து எடுத்து அம்மாவைக் கூப்பிட அவனால் முடியாது.

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் ஏற்க மறுக்கிறார்கள். பாடுவது வேறு, பேசுவது வேறு. சொல் தெரியும் என்றால், அந்தச் சொல்லை வைத்து ஒரு காரியம் நடத்தத் தெரியும் என்று பொருள். தண்ணீர் கேட்க வேண்டும், வேண்டாம் என்று மறுக்க வேண்டும், ஆகாயத்தில் போகும் விமானத்தைக் காட்டி ‘அதோ’ என்று நம்மையும் பார்க்கவைக்க வேண்டும். நூறு வரிப் பாட்டு மனப்பாடமாக இருந்தும் இதில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் குழந்தைக்குச் சொல் இன்னும் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பாட்டு என்றால் பெருமை இரட்டிப்பாகிவிடுகிறது. வீட்டில் யாருமே பேசாத மொழியில் நாள், மாதம், வண்ணம், விலங்கு என்று பத்துப் பாட்டு வரும். ‘நாய் எங்கே?’ என்று தமிழில் கேட்டால் அதே படத்தைத் தொட்டுக்காட்டத் தெரியாது. நினைவாற்றல் அபாரம்தான், நான் மறுக்கவில்லை. அதைப் பேச்சு என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள் என்றே கெஞ்சுகிறேன்.

‘பிடிவாதம்’ என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பசியோடு இருக்கும் மூன்று வயதுக் குழந்தை, சோறு என்று சொல்ல முடிந்தும் சொல்லாமல் விரதம் இருக்காது. அப்பா தாமதமாகப் பேசினார் என்பதும் தைரியம் சொல்லும் கதை அன்று. குடும்பத்தில் ஒருவருக்குப் பேச்சு தாமதமாக வந்திருந்தால், இன்னும் சீக்கிரமாக வந்து பார்க்க அது ஒரு காரணம்.

அடுத்து காது. “பாட்டுப் போட்டால் ஆடுகிறான், காது நன்றாகத்தான் கேட்கிறது” என்பது அநேகமாக எல்லோரும் சொல்வது. தமிழ் படித்த நமக்கு இதை எளிதாகவே சொல்லிவிடலாம். பாட்டில் நீண்டு இழுபடுவது உயிரொலி. ஆலாபனையில் பெரும்பகுதி அகரமும் ஆகாரமும்தானே? பால், கால், வால் என்று ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக்காட்டுவதோ மெய். உயிரொலிகள் வலுவானவை, தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆற்றல் மிகுந்தவை. க, ச, த போன்றவற்றின் மெய்யொலிகளில் பல மெலிந்தவை, உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. உயர்ந்த ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தை மெட்டைப் பிடித்துக்கொள்ளும், தவில் சத்தத்துக்குத் திரும்பும், பாட்டுக்கு ஆடும். சொல் மட்டும் அதற்குத் தேய்ந்துபோன காசு மாதிரி முகம் அழிந்து வந்து சேரும். எனவே பேச்சு தாமதம் என்றால் முதல் வேலை செவித்திறன் சோதனை. கை தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. தட்டு, தகரம் தட்டுவதும் ஆகாது. ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை தூங்கும்போதே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. முந்திய மாதம் ஒரு பெண்குழந்தைக்கு இரண்டு காதிலும் குறை இருப்பது நான்கு வயது முடிந்த பிறகு தெரியவந்தது. அந்தக் குழந்தையும் நன்றாகப் பாடும் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள்.

இதே தவறு முதியவர்கள் விஷயத்தில் வேறு வேடத்தில் வருகிறது.

கூட்டுறவு வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாற்பது ஆண்டு கூட வாழ்ந்த மனைவியின் பெயர் வாயில் வரவில்லை. பிறந்து வளர்ந்தது திருவாரூர். “உங்களுக்கு எந்த ஊர் ஐயா?” என்று கேட்டேன். உதடு துடித்தது, கண் கலங்கியது, ‘அ... அ...’ என்பதற்குமேல் நகரவில்லை. சிறு வயதிலிருந்து தேவாரம் பாடுபவர் என்று மனைவி சொன்னார். ஆரூர் என்ற பெயர் வரும் பதிகம் ஒன்றை மெல்ல எடுத்துக்கொடுத்தேன். அவர் சேர்ந்துகொண்டார். இரண்டாம் வரியில் நான் நிறுத்திவிட்டேன், அவர் நிறுத்தவில்லை. ‘ஆரூர்’ என்ற சொல் தெளிவாக, ரகரம் பிசகாமல் வந்தது. பாடி முடித்ததும் மறுபடி கேட்டேன், “எந்த ஊர் ஐயா?” மறுபடி ‘அ... அ...’. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி அங்கிருந்து தொடரச் சொன்னால் அதுவும் முடியாது, முதலிலிருந்துதான் வரவேண்டும். மகன் கோபத்தோடு, “அப்பா வேண்டுமென்றே எங்களிடம் பேசாமல் இருக்கிறார்” என்றார். அந்த ஒரு வாக்கியம் அந்தப் பெரியவரை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்று பாருங்கள். பேச்சுதான் போயிருந்தது. மகன் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பக்கம். பாட்டுக்கு வலது பக்கமும் தோள் கொடுக்கிறது. இடது பக்கம் அடிபட்டவர் பாடுவது 18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடனில் பதிவாகியிருக்கிறது. பேச முடியாத ஒருவர் தேவாலயத்தில் மற்றவர்களோடு சேர்ந்து துதிப்பாடல் பாடியிருக்கிறார். சோவியத் நாட்டு இசையமைப்பாளர் விசாரியோன் ஷெபாலின் கதை எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1953இலும் 1959இலும் பக்கவாதம் தாக்கி, பேசவும் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளவும் மிகவும் சிரமப்பட்டார். 1963இல் இறக்கும்வரை இசை அமைத்துக்கொண்டே இருந்தார், ஒரு சிம்பொனியையும் முடித்தார். சொல் கைவிட்ட மனிதரை இசை கைவிடவில்லை.

அந்த இசையைப் பிடித்துக்கொண்டே சொல்லுக்கு ஏறிவரும் ஒரு பயிற்சிமுறையை 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் உருவாக்கினார்கள். உயரமாக ஒன்று, தாழ்வாக ஒன்று என்று இரண்டே சுரங்கள். ‘தண்ணீர் கொடு’ என்பதை அந்த இரண்டு சுரத்தில் முணுமுணுத்து, அசைக்கு ஒரு தட்டாக இடது கையால் மேசையில் தட்டி, முதலில் சேர்ந்து, பிறகு தனியாகச் சொல்லவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரத்தைக் கரைத்துவிட வேண்டும். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். மற்றவர் பேசுவது ஓரளவு புரிகிறவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. இந்த மெட்டு அழகாக இருக்கவேண்டியதே இல்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி இருந்தால் போதும். சொல் வந்ததும் மெட்டு விலகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. படுக்கைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க பக்திப்பாடல் ஓடவிட்டுவிட்டு “தெரபி கொடுக்கிறோம்” என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேட்பது மனத்துக்கு ஆறுதல். பயிற்சி வேறு. பேச்சு திடீரென்று குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ பாட்டும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். 108ஐ அழையுங்கள், ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையின் ரத்தக்குழாயில் ஏற்படும் அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

மறுபடி குழந்தைகளுக்கு வருகிறேன். நான் இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரு வீட்டில் பாட்டையே தடைசெய்துவிட்டார்கள். குழந்தைக்கு இருந்த ஒரே மகிழ்ச்சியும் போனது. அப்படிச் செய்யாதீர்கள். பாட்டு இருக்கட்டும், செல்போனிலிருந்து உங்கள் வாய்க்கு மாறட்டும். செல்போன் காத்திருக்காது. குழந்தை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதே வேகத்தில் ஓடும். நம் ஊர்த் தாலாட்டு அப்படியா? தொட்டில் ஆடும் வேகத்துக்குப் பாட்டு வளையும். அதில் மாமன் வருவார், அத்தை வருவாள், அந்தக் குழந்தையின் பெயர் வரும். அந்த மாமனே மாலையில் வாசலில் வந்து நிற்பார். சொல்லுக்கு ஆள் இருக்கிறது.

முகத்துக்கு நேராக உட்கார்ந்து பாடுங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். என் அறையில் பெரும்பாலான அம்மாக்கள் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே அந்தச் சொல்லைப் பாடிவிடுகிறார்கள், அன்பு பொறுக்காது. பொறுங்கள். குழந்தை ‘வா’ என்று முடித்ததும், அதே ‘வா’வை அதே சுரத்தில் பாட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். அப்பா வேலையிலிருந்து வரும்போது வாசலில் ‘வா’, நாய்க்குட்டிக்கு ‘வா’, பந்துக்கு ‘வா’. நாலைந்து வாரத்தில் சுரம் மெல்ல உதிரத் தொடங்கும், சில பிள்ளைகளுக்கு மாதங்கள் ஆகும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று நான் சொல்வேன். அதற்குமேல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

ஒரு வயதுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வாருங்கள். காரணம் பலவாக இருக்கலாம். இணையத்தில் படித்துவிட்டு நீங்களே ஒரு பெயர் சூட்டிக்கொண்டு கலங்க வேண்டாம். பணம் தடையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை.

வரும்போது பாடும் வீடியோ வேண்டாம். ஒரு தாளை எடுத்துக் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். ஒரு வாரம், குழந்தை தானாக, மெட்டு இல்லாமல், உங்களிடம் ஏதோ ஒன்று வேண்டிச் சொன்ன சொற்களை மட்டும் அதில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். மூன்றாம் நாளும் அது வெறுமையாக இருந்தால் வாரம் முடியக் காத்திருக்க வேண்டாம், அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.