ஈறு நோய்க்கு லேசர்: காரையைச் சுரண்டிய பிறகுதான்

"சுரண்ட வேண்டாம், லேசர் மட்டும் வைங்க டாக்டர்." ஊட்டி, குன்னூர் பக்கம் ஈறு நோயோடு வருகிறவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். கிளினிக்குகளில் பரவலாக இருப்பது டயோடு லேசர், அலைநீளம் 810 முதல் 980 நானோமீட்டர் வரை. அதன் ஒளியை ஈறுக்குக் கருமை தரும் மெலனின் நிறமியும் ரத்தச் சிவப்பும் உறிஞ்சும். வேரில் கல்லாக ஒட்டிய காரையை அது பெயர்க்காது. எர்பியம் யாக் என்ற வேறு வகை லேசர் (2940 நானோமீட்டர்) காரையை எடுக்கும், ஆனால் விலை அதிகம்.

ஆகவே முதல் வேலை அளப்பது. ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் புரோப் (அளவுக் கோடு போட்ட மெல்லிய கம்பி) வைத்து, பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அளக்க வேண்டும். 3 மி.மீ. வரை சரி. 4-க்கு மேல் இருந்து ரத்தமும் வந்தால் சிகிச்சை தேவை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு அடங்கி இருக்கும். ஈறு நன்றாக இருப்பதாகவே தோன்றும், பள்ளமோ ஆழமாகிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயும் வேண்டும். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசோனிக் கருவியாலும் கியூரெட் என்ற சுரண்டும் கைக்கருவியாலும் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும். பலன் பெரும்பாலும் இந்தச் சுரண்டலில்தான்.

லேசர் அதற்கு அடுத்து. லேசர் ஒளி வரும் 300–400 மைக்ரான் இழையைப் பள்ளத்தின் ஆழத்தைவிட 1 மி.மீ. குறைவாக அளந்து வைத்து, 1 வாட் அளவில், அடியிலிருந்து மேலாக நகர்த்திக்கொண்டே இருப்பது வழக்கம். ஓர் இடத்துக்கு 20–30 விநாடி. நிறுத்தினால் சூடு ஏறும். எலும்பு 47 டிகிரியை ஒரு நிமிடம் தாங்கினாலே பாதிப்பு. நம்மில் பலருக்கு ஈறு கருமையாக இருக்கும். மெலனின் அதிகம் என்பதால் அதே வாட்டில் சீக்கிரம் சுடும். வெளிநாட்டு வாட் அட்டவணையை அப்படியே வைப்பது தவறு, குறைத்துத் தொடங்க வேண்டும். இழை நுனியில் ரத்தம் கருகி ஒட்டினால் ஈர காஸால் துடைக்க வேண்டும். கருகிய நுனி பழுக்கக் காய்ச்சிய கம்பி போலாகிவிடும். அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை நோயாளி, மருத்துவர், உதவியாளர் மூவரும் போட வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது.

பலன் எவ்வளவு? சுரண்டலோடு ஒப்பிட்டால் லேசர் கூடுதலாகத் தருவது சொற்பம். 2020-இல் வந்த ஐரோப்பிய ஈறு நோய் கூட்டமைப்பின் வழிகாட்டுதல், லேசரைத் துணையாகச் சேர்க்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. எங்கள் பார்வையில், வாய் முழுக்க லேசர் என்று பில் போடுவதற்கு நியாயம் இல்லை. சுரண்டிச் சில வாரம் கழித்து எடுக்கும் மறு அளவில் 5–6 மி.மீ. இருந்து ரத்தமும் நிற்காத ஓரிரு இடங்களில், மறுபடி சுரண்டும்போது லேசரையும் சேர்த்துப் பார்க்கலாம். 7 மி.மீ. தாண்டியதற்கும், கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு போனதற்கும் அறுவை சிகிச்சையைத்தான் யோசிக்க வேண்டும்.

சுரண்டிய பின் வேர் கூசும். டிசம்பரில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் கொப்பளித்தால் துள்ளிவிடுவீர்கள். சில வாரம் வெதுவெதுப்பான நீர், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட். சர்க்கரை உள்ளவர்கள் ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பரிசோதனை முடிவைக் கொண்டுவரவும். புகையிலை போட்ட வெற்றிலை தொடர்ந்தால் எந்த லேசரும் ஈடுகொடுக்காது.

மறு அளவு 8 முதல் 12 வாரத்துக்குள். கூடலூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மழையில் பாதை மூடும் நாட்களைக் கணக்கிட்டுத் தேதி வாங்குங்கள். முதல் நாள் எழுதிய அளவுச் சீட்டையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பள்ளம் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.