ஒரு சாண் தண்ணீரும் ஒரு பெரிய போரும்

கி.மு. 264. இத்தாலியின் கால்விரல் நுனியில் ரோமானியப் படை நிற்கிறது. எதிரே சிசிலித் தீவின் மெசானா நகரம் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் ஒரு நீரிணை, குறுகலான இடத்தில் 3 கிலோமீட்டர்தான். ஆனாலும் முதலில் கடக்கப் பார்த்த ரோமானிய அதிகாரி கையஸ் கிளாடியஸ் காற்றிலும் நீரோட்டத்திலும் சிக்கிச் சில கப்பல்களை இழந்து திரும்பினார்.

மெசானாவைப் பிடித்து வைத்திருந்த மாமெர்டைன்கள் ஒரு கூலிப்படைக் கூட்டம். சிசிலியின் இன்னொரு நகரமான சிராகூஸின் மன்னன் ஹியரோ நெருக்கியதும் வட ஆப்பிரிக்காவின் கடல் வல்லரசான கார்தேஜிடமும் உதவி கேட்டார்கள், ரோமிடமும் கேட்டார்கள். இரண்டு பேரும் வந்துவிட்டதுதான் வினை, முதலாம் பியூனிக் போர் மூண்டது. ரோமானியர்களைக் கடலில் கை கழுவக்கூட விடமாட்டேன் என்று கார்தேஜின் தளபதி ஹன்னோ மார்தட்டினாராம்.

சரி, அந்த நீரிணையில் அப்படி என்ன இருக்கிறது? வடக்கே டிரேனியக் கடல், தெற்கே அயோனியக் கடல். ஒன்றில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், ஏறும்போது மற்றதில் வடிகிறது. மத்தியதரைக் கடலில் ஓதம் என்பதே சொற்பம். இரண்டு பக்கமும் நீர்மட்ட வித்தியாசம் மிஞ்சினால் ஒரு சாண் இருக்கும். ஆனால் அந்த ஒரு சாணைச் சமன்செய்ய இரண்டு கடல்களுக்கும் இருக்கும் நேர்வழி இந்தச் சந்து மட்டுமே. அதிலும் கடலடித் தரை நடுவில் மேடுதட்டி, ஆழம் நூறு மீட்டருக்கும் குறைவாகிவிடுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அதே கதைதான். நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் ஓட்டம் இங்கே விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஏறத்தாழ ஆறு மணிக்கொரு முறை திசையும் மாறும். மேட்டில் மோதும் ஆழ்நீர் மேலெழும்போது சுழிகள் கிளம்புகின்றன. கிரேக்கர்கள் கரிப்டிஸ் என்று அஞ்சிய பூதம் இதுதான். மெசானாவின் இன்றைய பெயர் மெசினா; அதன் கரையில் இன்றும் ஆழ்கடல் மீன்கள் ஒதுங்கிக் கிடப்பதுண்டு, உடம்பில் ஒளிப்புள்ளிகளோடு.

கிழக்கிலிருந்து மேற்கே போகும் கப்பலை இந்த ஓட்டம் பக்கவாட்டில் இழுக்கும். ரோமானியர்களுக்கோ சொந்தக் கடற்படையே இல்லை. நேப்பிள்ஸ், டாரெண்டம் போன்ற ஊர்களில் கப்பலை இரவல் வாங்கிக்கொண்டு, ஓர் இரவில் ரோமின் உயர் ஆட்சியாளரான கான்சல் அப்பியஸ் கிளாடியஸ் துணிந்து கடந்தார். தடுக்க வந்த கார்தேஜ் கப்பல்களில் ஒன்று அவசரத்தில் தரைதட்டியது என்கிறார் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். அவசரம் மட்டும்தானா? நீரோட்டத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரோமானியர்கள் அந்தக் கப்பலை இழுத்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதைப் பார்த்துத்தான் 100 பெரிய போர்க்கப்பல்களைக் கட்டினார்கள்.