கப்பல் ஜன்னலில் படிகிற உப்பு ஏன் துடைத்தால் போவதில்லை?

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போய்வந்த எங்கள் தெரு ஆச்சி ஒருவருக்கு ஒரே குறை. "கடலைப் பாக்கத்தானே அம்புட்டுக் காசு கட்டுனோம், கண்ணாடி பூரா உப்பு. முந்தானையால தொடச்சேன், இன்னும் மோசமாப் போச்சு." காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கப்பல் ஜன்னலைப் பற்றி எழுதக் காரணம் அந்தக் கடைசி வரிதான். துடைத்தால் சுத்தமாகத்தானே வேண்டும்?

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை மடியும்போது நீருக்குள் மாட்டிக்கொள்ளும் காற்று குமிழியாக மேலே வந்து வெடிக்கிறது, வெடிக்கும்போது கண்ணுக்கே தெரியாத பொடித்துளிகளை மேலே வீசுகிறது. அலை எட்டவே எட்டாத பத்தாவது தளத்து ஜன்னலுக்கும் இந்தத் துளிகள் காற்றோடு போய்ச் சேர்ந்துவிடும். நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும்.

சரி, காய்ந்த உப்புதானே, தட்டிவிட்டால் போகாதா? அது முழுசாகக் காய்வதே இல்லை. கடல் உப்பில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது நீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடு அப்படியில்லை, 33 சதவீதமே அதற்குப் போதும். அடைமழை நாளில் கல்லுப்பு ஜாடி கசகசவென்று நீர்விடுவதில் இதற்கும் பங்கு உண்டு. நடுக்கடலில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால், கண்ணாடியில் எப்போதும் மெல்லிய பிசுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். துணியால் தேய்த்தால் அந்தப் பிசுக்கு கண்ணாடி முழுக்கப் பரவும், வெயில் பட்டதும் நுண்ணிய படிகங்களாக உறையும், ஒவ்வொரு படிகமும் ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடிக்கும். அதிலும் சூரியன் எதிரே இருந்துவிட்டால் கண்ணாடியே பால் பூசியதுபோல வெளுத்துவிடும்.

ஆனால் இந்த உப்பைக் கரைப்பது ரொம்பச் சுலபம். ஒரு லிட்டர் நீர் சுமார் 360 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்துவிடும், சோப்பே வேண்டாம். புகைபோக்கியிலிருந்து வரும் எண்ணெய்க் கரி படிந்திருந்தால் மட்டும் சோப்பு. முதலில் நீரை மேலிருந்து தாராளமாக ஓடவிட வேண்டும், அப்புறம் நனைந்த மெத்தென்ற துணி, கடைசியில் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பர் விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த இழுப்பு, ஏனென்றால் கரைந்த உப்பு அந்த விளிம்பில்தான் தேங்கி நிற்கும். ஒரே பக்கெட்டில் துணியை அலசி அலசித் துடைத்தால், எடுத்த உப்பையே திரும்பப் பூசுகிறோம் என்று அர்த்தம்.

இவ்வளவு நன்னீர் நடுக்கடலில் ஏது? கப்பலே தயாரித்துக்கொள்கிறது. காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்த கலத்தில் கடல்நீர் 40 முதல் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு இன்ஜினைக் குளிர்வித்துச் சூடேறி வரும் நீரின் வெப்பமே போதும். ஆர்ஓ முறையும் உண்டு. குடிக்க அனுப்பும் நீரில் பிறகு சுண்ணாம்புச் சத்தைச் சேர்ப்பார்கள், கண்ணாடிக்கு அது சேராத நீர்தான் நல்லது. காரணம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததே. சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் வாய்த்த காரைக்குடியை விடுங்கள், சுண்ணாம்புச் சத்து மிகுந்த சப்பைத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் ஜன்னலைக் கழுவினால் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு நிற்கிறதே, அது கால்சியம் கார்பனேட். அது தண்ணீரில் கரையாது, எலுமிச்சையோ வினிகரோ வேண்டும். கப்பல் கறை ஒரு குவளை நீரில் போய்விடும், என்ன, மறுநாளே திரும்ப வந்து நிற்கும்.

பால்கனிக் கண்ணாடியைப் பயணத்தின்போதே கழுவலாம். வெளிப்புறச் சுவரில் இருக்கும் ஜன்னல்களுக்கு ஆள் தொங்க வேண்டும், ஓடும் கப்பலில் காற்று விடாது. துறைமுகத்தில் நிற்கும்போதுதான் இடுப்பில் பெல்ட் மாட்டித் தொங்குபலகையில் இறங்குவார்கள், அல்லது நீர் பாயும் நீளக் கோலால் கழுவுவார்கள்.

மாலுமிகள் நிற்கும் மேல்தள அறைக்கு இந்த நிதானம் கட்டாது, அங்கே பார்வை மறைந்தால் ஆபத்து. அதனால் வைப்பர், நன்னீர் பீய்ச்சும் குழாய், சூடேற்றிய கண்ணாடி எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது 1917-இல் காப்புரிமை பெற்ற சுழலும் கண்ணாடி வட்டு. ஜன்னலின் நடுவே பதித்த வட்டை மோட்டார் வேகமாகச் சுற்றும், விழுகிற துளி கண்ணாடியில் நிலைக்குமுன் விளிம்புக்கு எறியப்பட்டுவிடும்.

உப்புப் பிசுக்கு மின்சாரத்தைக் கடத்தும் திரவம் என்பதால், அலுமினியச் சட்டத்தின் இடுக்கில் தேங்கினால் சிறுசிறு குழியாக அரித்துவிடும். கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்பதை ஆராய்கிற சிக்ரி நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில். கப்பலில் கழுவுகிறவர்கள் கண்ணாடியோடு நிறுத்தாமல் சட்டத்தின் ஓரத்திலும், நீர் வடியும் துளைகளிலும் நன்னீர் விட்டு அலசுவது இந்த அரிப்புக்குப் பயந்துதான்.