நாலு மாத வேலை என்றாலும் வழக்குப் போடலாம்

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலா சீசன் தொடங்கினால் ஹோட்டல்களுக்கு ஆள் போதாது. சீசன் தளர்ந்ததும் "தம்பி, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு வாய்வார்த்தையோடு அனுப்பிவிடுவார்கள். முன்னறிவித்தல் தராமல் நிறுத்தியதற்கான நோட்டீஸ் சம்பளம் கேட்டால், "நாலு மாசம்தானே வேலை செய்தீங்கள், ஒன்றும் வராது" என்பார்கள். அதை நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் 180 நாள் கணக்குப் பார்ப்பது உண்மைதான். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். நாலு மாதக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை வேறு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட எவரும் அங்கே விண்ணப்பிக்கலாம். இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும், இத்தனை பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். முதலாளி கூப்பிடுவார் என்று அடுத்த சீசன்வரை காத்திருந்தால் இந்தக் காலம் கைநழுவிப் போகும்.

நியமனக் கடிதத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தால், அந்தச் சம்பளத்தைக் கேட்பதற்கு அதுவே பிடிமானம். கடிதமே தரவில்லையா? தராதது முதலாளியின் தவறு. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலைக்கு எடுக்கும்போதே நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். தகுதிகாண் காலத்தில், அதாவது நிரந்தரமாக்க முன் வேலையைப் பார்க்கும் காலத்தில், இருந்தவர்களுக்கு மட்டும் வழக்குக் கொஞ்சம் கடினம். வேலை திருப்தியில்லை என்று நிறுத்த முதலாளிக்கு அந்தக் காலத்தில் கூடுதல் இடமுண்டு. கெட்ட எண்ணத்தோடு நிறுத்தியதைக் காட்ட வேண்டிவரும்.

கடைசிச் சம்பளத்தை மேசையில் வைத்து, "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று நீட்டும் தாளை வரி வரியாக வாசியுங்கள். "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்று அதில் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். வைத்துவிட்டால், தான் நிறுத்தவே இல்லை என்று முதலாளி சொல்ல அதுவே போதும். "அவராக வேலைக்கு வராமல் விட்டார்" என்பதும் நியாய சபையில் அடிக்கடி வரும் வாதம். அப்படி அவர் மறுத்தால், நிறுத்தியதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் வட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களைத் தூக்குவதற்கு முன்னமே டியூட்டி ரோஸ்டர், "வரவேண்டாம்" என்ற மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். வேலைக்குத் திரும்ப ஆயத்தம் என்று ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

குறுகிய சேவைக்கு நட்டஈடு பெரிய தொகையாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் பிழையாக நிறுத்தியதாகக் கண்டால், திரும்ப வேலைக்கு எடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ சபை கட்டளையிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். தொழிற்சங்க உறுப்பினர் என்றால், சங்கமே உங்களுக்காக விண்ணப்பிக்க முடியும்.

அப்புறம், சம்பள பாக்கி, ஊழியர் சேமலாப நிதி விடயங்களுக்கு நியாய சபை தேவையில்லை. திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் முதல் மாதத்திலிருந்தே கட்டப்பட்டிருக்க வேண்டும்.